ரிசீவரா, தனித்தனியா? கேட்டவர்களுக்கு ஒரு பதில்



இந்த மாதத்தில் மட்டும் நான்கு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். கோவையில் புது வீடு கட்டிக் குடிபோன ஒரு மாணவர், பெங்களூரு மாப்பிள்ளை, என் தங்கை மகன், அப்புறம் போன வாரம் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த 1994 பிளஸ் டூ மாணவர் ஒருவர். "சார், வீட்ல ஹோம் தியேட்டர் வைக்கணும். எல்லாம் ஒரே பெட்டியில இருக்கற ரிசீவர் வாங்கறதா, இல்ல ஆம்பிளிபயர், பிராசசர்னு தனித்தனியா வாங்கறதா?" போன வருடம் எங்கள் வீட்டில் ஒன்று வைத்ததைப் பார்த்தும் கேள்விப்பட்டும் கேட்கிறார்கள். ஆளுக்கு அரை மணி நேரம் போனில் சொல்வதை இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். முப்பத்திரண்டு வருடம் பிசிக்ஸ் நடத்தியவனிடம் கேட்டால் இப்படித்தான் வரும். மணி அடித்தாலும் உட்காருங்கள், கண்ணுகளா.

முதலில் எது என்னவென்று பார்ப்போம்.

சினிமாவின் ஒலி நம் வீட்டுக்குள் வரும்போது அதற்கு மூன்று வேலை நடக்க வேண்டும். ஒன்று, டி.வி., செட்டாப் பாக்ஸ், பிளேயர் என்று பல இடங்களிலிருந்து வருவதில் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுப்பது. இரண்டு, டால்பி போன்ற முறையில் சுருட்டி வைத்திருக்கும் டிஜிட்டல் ஒலியைப் பிரித்து, இது முன்பக்கம், இது நடு, இது பின்பக்கம் என்று பங்கிடுவது. மூன்று, அந்தச் சின்ன சிக்னலை ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்குப் பெருக்குவது. இந்த மூன்றையும் ஒரே பெட்டியில் வைத்தால் அது ஏ.வி. ரிசீவர். உள்ளே ரேடியோ வாங்கியும் இருந்ததால் வந்த பெயர் அது. முதல் இரண்டு வேலைக்கு ஒரு பெட்டி, பெருக்குவதற்கு மட்டும் இன்னொரு பெட்டி என்று வைத்தால் அதைத்தான் 'செபரேட்ஸ்' என்கிறார்கள்.

நம் பாஷையில் சொன்னால் ரிசீவர் கூட்டுக்குடும்பம், மற்றது தனிக்குடித்தனம். கூட்டுக்குடும்பத்தில் செலவு குறைவு, இடம் குறைவு, ஒரே ரிமோட். ஆனால் அடுப்பு ஒன்றுதான். ரிசீவருக்குள் ஏழு ஆம்பிளிபயர் இருந்தாலும், பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் சோறு போடுவது ஒரே டிரான்ஸ்பார்மர். இரண்டு பேர் சாப்பிடும்போது தாராளமாக இருக்கும். ஏழு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் ஆளுக்குக் கொஞ்சம் குறையும். தனிக்குடித்தனத்தில் அந்தக் குறை இல்லை. பணமும் இடமும் அதிகம் வேண்டும்.

அடுத்து வாட் கணக்கு. கடையில் நம்மை மடக்குவது இங்கேதான்.

நான் போன ஒரு கடையில், "ஐயா, இது ஆயிரம் வாட், வீடே அதிரும்" என்றார் அங்கிருந்த தம்பி. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஃபியூஸ் 1 ஆம்பியர். 230 வோல்ட்டை 1 ஆம்பியரால் பெருக்கினால் 230 வாட். உள்ளே போவது 230, வெளியே வருவது 1,000 என்றால் ஆற்றல் அழிவின்மை விதியை நான் இத்தனை வருடம் வீணாக நடத்தியிருக்கிறேன். பழைய டூ-இன்-ஒன் பெட்டிகளில் 'பி.எம்.பி.ஓ.' என்று போட்டிருப்பார்களே, அதே வம்சம்தான் இது. அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

நல்ல கம்பெனி ரிசீவரிலும் இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள். 'ஒரு சேனல் மட்டும், 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதச் சிதைவு' என்று ஒரு பெரிய எண். 'இரண்டு சேனல், 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 0.08 சதவீதச் சிதைவு' என்று ஒரு சின்ன எண். சின்ன எண்தான் நம் எண். அமெரிக்காவில் இந்த விளையாட்டு தாங்க முடியாமல் 1974-லேயே அரசு ஆணையம் வீட்டு ஆம்பிளிபயர்களின் வாட்டை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று விதி போட்டது. பல சேனல் கருவிகளுக்கும் சேர்த்து அதை 2024-ல் திருத்தினார்கள். ஐம்பது வருடம் ஆகியும் திருத்த வேண்டியிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, நமக்கு எவ்வளவு வாட் வேண்டும்? சாதாரண ஸ்பீக்கர் ஒன்று 1 வாட்டுக்கு, 1 மீட்டர் தூரத்தில், சுமார் 87 டெசிபல் தரும். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஏறக்குறைய 9, 10 டெசிபல் குறையும். அப்போதும் 77, 78 இருக்கிறது. நாம் சாவகாசமாகப் படம் பார்க்கும் சத்தம் 70-ஐ ஒட்டித்தான். அதாவது ஒரு வாட்டுக்கும் குறைவு! படத்தில் கதவு அறைவது, வெடி வெடிப்பது என்று திடீரென 90 டெசிபல் வந்தால், 12 டெசிபல் ஏற வேண்டும். பத்துப் பத்தாகப் பெருக்கும் லாக் கணக்கு இது. சுமார் 16 வாட். அவ்வளவுதான். 80 வாட் ரிசீவரை விட்டுவிட்டு 160 வாட் தனி ஆம்பிளிபயர் வாங்கினால் உங்களுக்குக் கூடக் கிடைப்பது 3 டெசிபல். காதுக்கு, "கொஞ்சம் கூடியிருக்கோ?" என்று தோன்றும் அளவு. சத்தம் இரண்டு மடங்கானதுபோல் கேட்க வேண்டுமென்றால் வாட் பத்து மடங்காக வேண்டும்.

அப்படியானால் தனித்தனியாக வாங்குகிறவர்கள் ஏமாளிகளா? இல்லை. மூன்று நல்ல காரணங்கள் உண்டு.

முதல் காரணம், பெரிய ஹால், தூரமான இருக்கை, குறைந்த திறன் ஸ்பீக்கர். 83, 84 டெசிபல் தரும் ஸ்பீக்கரோ, 4 ஓம் ஸ்பீக்கரோ வைத்திருந்தால் ரிசீவர் திணறும், சூடாகும். ஓம் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தடை பாதியானால் கேட்கும் மின்னோட்டம் இரண்டு மடங்கு.

இரண்டாவது, பாட்டு மட்டும் கேட்பவர்கள். அவர்களுக்கு டால்பியும் வேண்டாம், ஏழு சேனலும் வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல ஸ்டீரியோ ஆம்பிளிபயரும் நல்ல ஸ்பீக்கரும் வாங்கினால் கேட்கச் சுகமாக இருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு நியாயமாகப் பட்ட காரணம். பெருக்கும் வேலைக்கு வயதாவதில்லை. பிரிக்கும் வேலைக்குச் சீக்கிரம் வயதாகிறது. எச்.டி.எம்.ஐ. இணைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ல் 1.4, 2013-ல் 2.0, 2017-ல் 2.1 என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது. தலைக்கு மேலேயும் ஸ்பீக்கர் வைக்கும் டால்பி அட்மாஸ் 2012-ல் 'பிரேவ்' படத்தோடு தியேட்டருக்கு வந்து, பிறகு வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழைய ரிசீவரைத் தூக்கிப் போட்டால், உள்ளே இருக்கும் நல்ல ஆம்பிளிபயரும் சேர்ந்து போகிறது. செல்போன் கெட்டுப்போனதற்காக இஸ்திரிப் பெட்டியையும் எறிகிற மாதிரி.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு. 'பிரீ அவுட்' என்று பின்பக்கம் வரிசையாகத் துளைகள் இருக்கும் ரிசீவராகப் பார்த்து வாங்குங்கள். இப்போது ரிசீவரே எல்லாம் செய்யும். நாளைக்குத் தேவைப்பட்டால் அந்தத் துளையிலிருந்து எடுத்து வெளி ஆம்பிளிபயருக்குக் கொடுக்கலாம். நாங்கள் அதைத்தான் செய்தோம்.

நாங்கள் ரிசீவரைத் தேர்ந்தெடுத்ததற்கு வாட்டோ பணமோ முதல் காரணம் இல்லை. இதை எழுதலாமா என்று வீட்டம்மாவிடம் கேட்டேன். "எழுதுங்க, நாலு பேருக்கு உபயோகமா இருக்கட்டும்" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

ஸ்பெஷல் கிளாஸ் நாட்களில் உங்களில் பலருக்கு மதியச் சோறு போட்டவர் அவர். சினிமா என்றால் உயிர். படம் ஓடும்போது அடுத்த வசனத்தை நடிகருக்கு முன்னால் சொல்லிவிடுவார். இரண்டு, மூன்று வருடமாகப் படம் போட்டால் பத்து நிமிடத்தில் எழுந்து சமையலறைக்குப் போக ஆரம்பித்தார். "வேலை கெடக்குதுங்க" என்பார். போய்ப் பார்த்தால் கழுவிய பாத்திரத்தையே துடைத்துக்கொண்டிருப்பார். ஒரு நாள், "என்னம்மா, படம் பிடிக்கலையா?" என்று கேட்டேன். "சத்தம் கேக்குதுங்க. என்ன பேசறாங்கன்னுதான் கேக்க மாட்டேங்குது" என்றார்.

சத்தம் கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை. இந்த ஒரு வரியில் பெரிய பிசிக்ஸ் இருக்கிறது. அதைவிடப் பெரிய தமிழ் இலக்கணமும் இருக்கிறது. பேச்சில் பலம் முழுவதும் உயிரோசையில். அதன் ஆற்றல் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்சுக்குக் கீழே. எந்த மெய் என்று பிரித்துக் காட்டும் மெல்லிய ஓசைகளில் பெரும்பகுதி 2,000 ஹெர்ட்சுக்கு மேலே. வயதாகும்போது காது முதலில் இழப்பது அந்த மேல்பகுதியைத்தான். கடை, படை, தடை, சடை நான்கையும் சொல்லிப் பாருங்கள். உயிர் ஒன்றேதான், முதல் மெய்தான் வேறு. அந்த மெய் தேய்ந்துபோனால் நான்கும் ஒன்றே. உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. எங்கள் பள்ளித் தமிழாசிரியர் இருந்திருந்தால் இதைச் சொல்லி அரை மணி நேரம் பேசியிருப்பார்.

இதோடு பின்னணி இசையும் வெடிச்சத்தமும் சேர்ந்தால் மிச்சமிருக்கும் மெய்யும் மூழ்கிவிடும். டி.வி. சத்தத்தைக் கூட்டினால் எல்லாமே கூடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர்தான் வசனத்தைத் தெளிவாகக் கேட்பார்.

5.1 முறையில் கலந்த படத்தில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில், அதாவது சென்டர் ஸ்பீக்கரில் மட்டும் இருக்கும். இடம், வலம் என்று இரண்டே ஸ்பீக்கரில் போட்டால் அந்த நடு சேனலை இரண்டு பக்கமும் கரைத்துவிடுகிறார்கள். கரைத்த சர்க்கரையைத் திரும்ப எடுப்பது கஷ்டம். நடு சேனல் தனியாக இருக்கும்போது அதை மட்டும் 3, 4 டெசிபல் ஏற்றலாம். இசை அப்படியே இருக்கும், பேச்சு முன்னால் வரும். பழைய இரண்டு சேனல் படங்களிலும், இரு பக்கமும் பொதுவாக வரும் ஒலியை ரிசீவர் ஓரளவு நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். அதோடு பெரிய சத்தத்தை அடக்கிச் சின்ன சத்தத்தைத் தூக்கும் 'நைட் மோட்' வகை வசதியும் உண்டு. ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. இவ்வளவும் ரிசீவரில் சாதாரணமாகக் கிடைக்கிறது. தனித்தனியாக வாங்கினால் இதே வசதிக்கு பிராசசருக்கே பெரும் பணம் போய்விடும். எங்கள் முடிவு அங்கேயே வந்துவிட்டது.

ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் காது பரிசோதனைக்குப் போனோம். இதை எல்லோருக்கும் அழுத்திச் சொல்கிறேன். சத்தமில்லாத அறையில் உட்காரவைத்து 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாகக் கேட்கவிட்டு ஒரு வரைபடம் தருவார்கள். எங்கள் வீட்டம்மாவின் கோடு இடது பக்கம் சமவெளியாகவும் வலது பக்கம் மலைச்சரிவாகவும் இருந்தது. அதே நாற்காலியில் நானும் உட்கார்ந்தேன். எனக்கும் சரிவுதான், அவ்வளவு செங்குத்து இல்லை. செவித்துணைக் கருவி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். "காதுல அத மாட்டிக்கிட்டு நாலு கல்யாணம் காட்சிக்கு எப்படிப் போறது?" என்று அம்மா மறுத்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

வாங்கி வைத்த அன்று அவருக்குப் பிடித்த ஒரு பழைய நகைச்சுவைப் படத்தைப் போட்டேன். நடு ஸ்பீக்கரை 4 டெசிபல் ஏற்றியிருந்தேன். பாதியில் ஒரு இடத்தில் நடிகர் வாயைத் திறப்பதற்குள் இவர் வசனத்தைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். சமையலறைக்குப் போகவில்லை. நான் திரையைப் பார்த்த மாதிரியே உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மாதம் கழித்து அவராகவே சொன்னார். "ஏனுங்க, அந்தக் காது மிஷினையும் பாத்துருவமா? டிவிக்கு ரிமோட் இருக்குது. பேத்திக்கு ரிமோட் இல்லையேங்க." பேத்திக்கு அப்போது நான்கு வயது. போனில் கீச்சுக்குரலில் கதை சொல்லுவாள், இவர் எல்லாவற்றுக்கும் "ஆமா சாமி, ஆமா சாமி" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது இரண்டு காதிலும் கருவி இருக்கிறது. பேத்தியிடம் எதிர்க்கேள்வி கேட்கிறார். நடு ஸ்பீக்கரை 4-லிருந்து 2-க்கு இறக்கிவிட்டோம்.

இனி, வாங்கப் போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள்.

பணத்தில் பெரும்பங்கை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள், அதிலும் நடு ஸ்பீக்கருக்கு. அதை டி.வி. ஸ்டாண்டின் குகைக்குள் திணிக்காதீர்கள். விளிம்புக்கு இழுத்து, காதைப் பார்த்து லேசாக நிமிர்த்தி வையுங்கள்.

வயருக்கு ஆயிரக்கணக்கில் செலவு வேண்டாம். 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் போதும். 10 மீட்டர் தூரத்துக்குப் போக வர 20 மீட்டர், மொத்தத் தடை சுமார் 0.15 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. பிளஸ், மைனஸ் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாறினால் அடித்தொனி காணாமல் போகும்.

ரிசீவருடன் வரும் சின்ன மைக்கை உட்காரும் இடத்தில் காது உயரத்தில் வைத்தால் அறையை அதுவே அளந்துகொள்ளும். ஆடிசி, ஒய்பாவ், டிராக் என்று கம்பெனிக்கு ஒரு பெயர். அளக்கும்போது மின்விசிறியை அணைத்துவிடுங்கள். குக்கர் விசில் அடங்கட்டும்.

அறையும் ஒரு இசைக்கருவிதான். லேபில் இசைக்கவையைத் தட்டி ஒத்ததிர்வுக் குழாயில் காற்றுத் தம்பத்தை அளந்தது ஞாபகம் இருக்கிறதா? எங்கள் ஹால் 5 மீட்டர் நீளம். நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். 350-ஐ 10-ஆல் வகுத்தால் 35 ஹெர்ட்ஸ். அந்தத் தொனியில் ஹால் தானாகவே முனகும். சப்வூஃபரை மூலையில் தள்ளினால் முனகல் இன்னும் கூடும். அதை நாம் உட்காரும் இடத்தில் தற்காலிகமாக வைத்துவிட்டு, ஒரு பாட்டைப் போட்டு, அறையைச் சுற்றிக் குனிந்து கேட்டுக்கொண்டே வாருங்கள். எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே அதைக் கொண்டுபோய் வையுங்கள். மருமகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் பேச்சின் எதிரி. எங்கள் வீட்டில் ஒரு பவானி ஜமுக்காளமும் கனத்த திரைச்சீலையும் செய்த வேலையை எந்த ஆம்பிளிபயரும் செய்திருக்காது.

ரிசீவருக்கு மேலே ஒரு சாண் இடம் விடுங்கள். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் பூட்டாதீர்கள். சித்திரை வெயிலில் அது தாங்காது. ஐப்பசி இடிக்கு பிளக்கையும் கேபிள் வயரையும் சேர்த்தே பிடுங்குங்கள்.

பல பெட்டிகளை இணைக்கும்போது 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரலாம். தனித்தனியாக வாங்குகிறவர்களுக்கு இது அதிகம். எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து எடுத்துப் பாருங்கள், கேபிள் டி.வி. வயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் போகிறது என்பதற்காக எர்த் பின்னை மட்டும் யாரும் வெட்டக் கூடாது. அது உயிர் காக்கும் பின்.

சுருக்கமாகச் சொன்னால்: சாதாரண ஹால், குடும்பத்தோடு படம், ஒரே ரிமோட் என்றால் பிரீ அவுட் உள்ள ரிசீவர். பாட்டு மட்டும் என்றால் ஸ்டீரியோ ஆம்பிளிபயர். பெரிய அறை, கடினமான ஸ்பீக்கர், தாராளமான பணம் மூன்றும் இருந்தால் மட்டும் தனித்தனி. வீட்டில் அறுபதைத் தாண்டியவர் யாராவது, "சத்தம் கேக்குது, பேச்சு கேக்கல" என்று சொன்னால், எந்தப் பெட்டிக்கும் முன்னால் காது பரிசோதனை. கண்ணாடி போட்டவரைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை. காதுக்கும் அந்த மரியாதையைக் கொடுப்போம்.

உங்கள் ஹாலின் நீளம், அகலம், ஸ்பீக்கரின் ஓம், டெசிபல் நான்கையும் எழுதி அனுப்பினால் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். மதியம் இரண்டிலிருந்து நான்கு மணி வரை மட்டும் போன் செய்ய வேண்டாம். அது எங்கள் படம் பார்க்கும் நேரம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் வாத்தியார்